மீதித் தலை

ஹோமர் ப்ளெட்சோவுக்கு அமெரிக்க ஜனாதிபதியின் தலையில் பங்கு உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. நெற்றி முதல் கம்பெனிக்கு. மூக்கும் கன்னமும் இரண்டாவது கம்பெனிக்கு. மீதி மூன்றாவது கம்பெனிக்கு. ஹோமர் மூன்றாவது டெலிவிஷன் கம்பெனியின் பவுடர்காரன். ஆகவே மீதி அவனுடையது.

பங்கு பிரிக்கிற அளவுக்கு அந்தத் தலைக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். பளபளப்பு வந்தது. அந்த ஜனாதிபதிக்குத் தலையில் ஒரு மயிர் கிடையாது. ரேடியோ காலத்தில் இது யாருக்கும் தெரியாது. ஜனங்கள் குரலைக் கேட்டு, ஆளுக்கொரு கிராப்பை அவருக்கு மனசுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு டெலிவிஷன் வந்தது. அவர் அதில் முதல் தடவை தோன்றிப் பேசியபோது விளக்கு வெளிச்சமெல்லாம் அவர் தலையில் விழுந்து, அங்கிருந்து புறப்பட்டு வீடு வீடாகப் போனது. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரர்களுக்குப் போன் போட்டவர்களுக்குக் கணக்கில்லை. ஓஹியோவில் ஒரு கடைக்காரர் தெருத் தெருவாகப் போய், "பெட்டி நல்லாத்தான் இருக்கு, இதுதான் ஜனாதிபதி" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

பவுடர் போட்டால் தீர்ந்தது. ஒரு கைப்பிடி பவுடர், ஒரு பஞ்சு, ஒரு ஆள். ஆனால் சாதாரண மனிதனுக்குத் தோன்றுகிற வழி வாஷிங்டனில் யாருக்கும் தோன்றாது. தோன்றினாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். உடனே 'ஜனாதிபதித் தோற்றக் குழு' என்று ஒன்றை அமைத்தார்கள். அதற்குத் தலைவர் கர்னல் விட்லாக். யுத்தத்தின்போது படைக்கு உருளைக்கிழங்கு அனுப்பிய அனுபவம் உள்ளவர். மூன்று கம்பெனிகளின் ஆட்களையும் உட்காரவைத்து அவர் ஒரு சொற்பொழிவு செய்தார்.

"ஜனாதிபதியோட தலை அவரோட சொந்தத் தலை இல்லை. அது தேசத்தோட சொத்து. அதுக்கு ஒரே ஒரு கம்பெனி பவுடர் போட்டா அது ஏகபோகம். ஏகபோகத்தை எதிர்த்துத்தான் நம்ம நாடே நிக்குது. அதனால பிரிச்சுக் குடுத்துடறோம். தலையைத்தான். நாட்டை இல்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். ஹோமரும் தட்டினான். அன்றைக்கு அவனுக்கு விஷயம் புரியவில்லை, பாவம். நெற்றிக்கு எதிரே கேமரா இருந்தது. பிடரிக்கு எதிரே ஒரு பச்சைத் திரைச்சீலை தொங்கியது. அவன் எவ்வளவு அழகாகப் பவுடர் போட்டாலும் அதைப் பார்க்கப்போவது அந்தத் திரைச்சீலை ஒன்றுதான்.

நெற்றி போய்ச் சேர்ந்தது டெஸ்மண்ட் லாரிமரிடம். ஹாலிவுட்டிலிருந்து வந்தவன். மெல்லிய மீசை, மேலெல்லாம் செண்ட், பவுடர் போடும்போது சுண்டுவிரலைத் தனியாகத் தூக்கிக்கொள்ளும் வழக்கம். எந்தப் பேச்சை எடுத்தாலும் அது கடைசியில் அவன் கண்மை தீட்டிய ஏதாவது ஒரு நடிகையிடம் போய் முடியும். முதல் நாளே அவன் ஹோமரின் தோளில் தட்டி, "பின்பக்கத்தையும் நல்லா கவனி, அதுவும் தலைதான்" என்றான். அந்த இடத்திலிருந்துதான் ஹோமருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

வேலை தொடங்கிய முதல் வாரமே தகராறு. நெற்றி எங்கே முடிகிறது? மற்ற மனிதர்களுக்கு முடி ஆரம்பிக்கிற இடத்தில் நெற்றி முடியும். ஜனாதிபதிக்கு முடி ஆரம்பிக்கவே இல்லை. ஆகவே சட்டப்படி நெற்றியும் முடியவில்லை, அது புருவத்தில் கிளம்பி உச்சியைக் கடந்து சட்டைக் காலர் வரைக்கும் போகிறது என்று முதல் கம்பெனியின் வக்கீல் வாதாடினார். அப்படியானால் மூன்றாவது கம்பெனிக்கு மிஞ்சுவது இரண்டு காதுகள்தான். மூன்றாவது கம்பெனியின் வக்கீல் சும்மா இருப்பாரா? ஜனாதிபதியின் பள்ளிக்கூடக் காலத்துப் போட்டோ ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து, அதில் முடி இருந்த இடமெல்லாம் பரம்பரையாகத் தலையே என்றார். இந்த வாதம் ஒரு மாதம் நடந்தது. அந்த மாதம் முழுவதும் ஜனாதிபதி டெலிவிஷன் பக்கமே வராமல் நிம்மதியாக இருந்தார்.

கடைசியில் நில அளவைத் துறையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் நாடாவும் முக்காலியுமாக வந்து, ஜனாதிபதி நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருக்க, ஒரு காதின் மேல்நுனியிலிருந்து மறு காதின் மேல்நுனிவரை உச்சி வழியாக அளந்தார். அதுதான் எல்லை. பவுடர் போடுவதற்கு முன் அந்த எல்லையைப் புருவப் பென்சிலால் கோடாகப் போட வேண்டும். முன்னால் லாரிமர், பின்னால் ஹோமர்.

கோடு போடுவது யார்? ஒப்பந்தத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எழுதப்படாததெல்லாம் மீதி. ஆகவே கோடு போடும் வேலையும் ஹோமரிடம் வந்தது.

சரி, பவுடர் போட்டு முடித்ததும் கோட்டை அழிப்பது யார்? லாரிமர் அழித்தால் அவன் பஞ்சு மீதிக்குள் நுழைந்துவிடும். ஹோமர் அழித்தால் அவன் பஞ்சு நெற்றிக்குள் நுழைந்துவிடும். ஆகவே இருவரும் ஒரே பஞ்சை ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்துக்கொண்டு, இடது காதிலிருந்து வலது காதுவரை சேர்ந்தே இழுக்க வேண்டும் என்று குழு தீர்மானித்தது. கர்னல் எதிரே நின்று கையை உயர்த்தி "ம்" என்பார். இரண்டு வளர்ந்த ஆண்பிள்ளைகள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல், ஒரு துண்டுப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வழுக்கைத் தலையைச் சுற்றி நடப்பார்கள். ஜனாதிபதி கண்ணை மூடிக்கொள்வார். வெளிநாட்டுத் தூதர் ஒருவர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, இது எந்த மதத்துச் சடங்கு என்று விசாரித்தாராம்.

இதெல்லாம் வாஷிங்டனில். ஹோமருக்கு வீடு பால்ட்டிமோரில். தினமும் ரயிலில் போய் வருவான். வரிசையாக ஒட்டிக் கட்டின செங்கல் வீடுகள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெள்ளைப் பளிங்குப் படி. அவன் மனைவி இர்மா சனிக்கிழமை காலையில் மண்டிபோட்டு உட்கார்ந்து அந்தப் படிகளைத் தேய்த்தால், தெருவிலேயே அவள் படிதான் கண்ணைப் பறிக்கும். ஒரு பொட்டு அழுக்கு கண்ணில் பட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. எங்கே போனாலும் கையில் ஒரு ஈரத்துணி இருக்கும்.

அப்பேர்ப்பட்ட இர்மா டெலிவிஷன் பெட்டி வந்த பிறகு வேறு ஆளாகிவிட்டாள். ஜனாதிபதி பேசுவது வியாழக்கிழமைகளில். அன்று பார்க்கத் தவறியவர்களுக்காக மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதையே படமாகத் திருப்பிப் போடுவார்கள். இரண்டு நாளும் இர்மா தலை சீவி, நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, பெட்டிக்கு நேர் எதிரே உட்காருவாள்.

ஹோமர் ஒருநாள் கேட்டேவிட்டான். "எங்க கிளம்பற?"

"எங்கயும் இல்ல. அவரு பேசப்போறாரு. நேரா நம்மளப் பாத்துப் பேசற மனுஷன் முன்னாடி வீட்டுத்துணியோடயா உக்காருவாங்க?"

"அவருக்கு உன்னத் தெரியாது, இர்மா. அந்தப் பக்கம் இருக்கறது கேமரா."

"உனக்கெப்படித் தெரியும்? நீ அவருக்குப் பின்னாடி நிக்கறவன்."

இந்த வார்த்தை அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் இரண்டு கையாலும் தொட்டுத் தடவுகிற தலை அது. அந்தத் தலையைத்தான் தன் பெண்டாட்டி இப்படிக் கண்கொட்டாமல் பார்க்கிறாள். ஆனால் அவள் பார்க்கிற பக்கம் லாரிமருடையது. கல்யாணமான புதிதில் அவள் தன்னை அப்படிப் பார்த்திருக்கிறாளா என்று யோசித்துப் பார்த்தான். பார்த்திருக்கிறாள், ஆனால் நீலக் கவுன் போட்டுக்கொண்டு இல்லை.

போதாததற்குப் பக்கத்து வீட்டு டோலன். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர். அவர் வீட்டில் பெட்டி கிடையாது, அதனால் இங்கே வந்து உட்கார்ந்து ப்ரெட்ஸல் என்கிற உப்பு முறுக்கைக் கொறித்துக்கொண்டே பார்ப்பார். ஜனாதிபதியின் தலை ஹோமரின் கையில்தான் இருக்கிறது என்று இர்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

"இதுல எந்த இடம் நீ போட்டது?" என்று டோலன் கேட்டார்.

"இதுல தெரியாது. பின்னாடி."

டோலன் நிதானமாக மென்று முடித்தார். "அப்ப சரி. அவரு பதவியை விட்டுப் போறப்ப பாத்துக்கறோம்."

இர்மா சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் சிரித்தது சிரித்ததுதான். அன்று ஹோமர் சாப்பிடவில்லை. லாரிமர் மேல் ஒரு பொறாமை, ஜனாதிபதி மேல் ஒரு பொறாமை. காலை ரயிலில் முன்னது அரிக்கும், மாலை ரயிலில் பின்னது அரிக்கும். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இர்மா பெட்டியைப் பார்க்கும்போது அதில் அவன் கைப்பட்ட இடம் ஒரு விரல்கடை தெரிய வேண்டும். 'இது ஹோமருடையது' என்று அவள் அந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

நம் ஊர்களில் வரப்பு எப்படி நகரும் என்று தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரும் வரப்பை ஒரே நாளில் வெட்டி எடுத்துவிட மாட்டார்கள். உழும்போது கொஞ்சம், களை எடுக்கும்போது கொஞ்சம். கோடு போடும் வேலை ஹோமரிடம்தானே இருந்தது? அவன் அதை மயிரிழை மயிரிழையாக முன்னே தள்ளினான். அந்தத் தலையில் மயிரிழையை அளவாகச் சொல்வது பொருத்தமில்லைதான். ஆனால் வேறு அளவு சொல்ல முடியாதபடி அவ்வளவு நுணுக்கமாகத் தள்ளினான். லாரிமருக்கு நடிகைகளைப் பற்றிப் பேசவே நேரம் போதாது, அவன் எங்கே கவனித்தான்? உச்சியில் இருந்த எல்லை மெல்ல மெல்ல இறங்கி முன்பக்கம் வந்தது.

ஜனாதிபதிக்கும் அது தெரியவில்லை. அவருக்கு அப்போது வேறொரு எரிச்சல் இருந்தது. அவர் பேசி முடித்ததும் அதே பெட்டியில் ஒரு சோப்புக் கம்பெனிக்காரன் வந்து விடுகதை போட்டுப் பரிசு கொடுப்பான். அவனுக்குத் தலை நிறைய சுருட்டை முடி. ஒருநாள் பவுடர் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கர்னலிடம் கேட்டார்.

"அந்த சோப்புக்காரனுக்கு வாரத்துக்கு எத்தனை கடிதாசு வருது?"

"உங்களுக்கு வர்றதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி, சார். அவரு பரிசு குடுக்கறாரு."

"நான் சமாதானம் குடுத்திருக்கேனே?"

"குடுத்தீங்க சார். ஆனா அதுக்கு சோப்பு உறையைக் கிழிச்சு அனுப்ப வேண்டியதில்ல பாருங்க. அதனால யாரும் எழுதறதில்ல."

ஜனாதிபதி பெருமூச்சு விட்டார். பின்னால் நின்ற ஹோமருக்கு, இந்த மனுஷனும் நம்ம ஜாதிதான் என்று தோன்றியது. ஆனால் உடனே இர்மாவின் நீலக் கவுன் ஞாபகத்துக்கு வந்தது. இரக்கம் போய்விட்டது.

கோதுமையைப் பற்றி ஜனாதிபதி பேசவேண்டிய வியாழக்கிழமை வந்தது. நாட்டில் அந்த வருஷம் கோதுமை அமோகமாக விளைந்து, வைக்க இடமில்லாமல் கிடந்தது. அதைப் பற்றிப் பேசுவதற்கு அவரிடம் ஒன்றுமில்லை, இருந்தாலும் பேசியாக வேண்டும். புது விளக்கு ஒன்றை அன்றைக்குத்தான் மாட்டியிருந்தார்கள். ஹோமர் கோடு போட்டான். இருவரும் பவுடர் போட்டார்கள். பஞ்சை எடுத்தார்கள். கர்னல் கையை உயர்த்தினார். அந்தப் புது விளக்கின் வெளிச்சத்தில் லாரிமரின் கண் கோட்டின்மேல் விழுந்தது.

பஞ்சை அப்படியே விட்டுவிட்டான். "இந்தக் கோடு எங்க நெத்திக்குள்ள வந்திருக்கு. புருவத்துக்கு மேல கட்டைவிரல் அகலந்தான் எங்களுக்கு மிச்சம்."

"கோடு கோட்டோட இடத்துலதான் இருக்கு," என்றான் ஹோமர். காது மட்டும் சிவந்துவிட்டது.

"நான் இதுல கை வெச்சு அழிச்சா, இதுதான் எல்லைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வக்கீலைக் கேக்காம தொட மாட்டேன்."

வக்கீலுக்குப் போன் போட்டார்கள். வக்கீல் சாப்பிடப் போயிருந்தார். இன்னொரு வக்கீல், அந்த வக்கீலைக் கேட்காமல் எதுவும் சொல்வதற்கில்லை என்றார். ஒளிபரப்பு நேரம் நெருங்கிவிட்டது. தான் செய்த வேலை இப்படி நடு நெற்றியில் நிற்கும் என்று ஹோமர் நினைக்கவில்லை. பஞ்சைத் தனியாக எடுத்துக்கொண்டு கையை நீட்டினான். கர்னல் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க. தனியா அழிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அழிக்கறது பெரிய வேலை இல்லை, மிஸ்டர் ப்ளெட்சோ. நாளைக்கு அழிச்சது யாருன்னு கேட்டா பதில் சொல்லணும், அதுதான் பெரிய வேலை. அழிக்கலைன்னா யாரும் யாரையும் கேக்க முடியாது."

"நீங்களே அழிச்சுடுங்க, சார்."

"நான் குழுத் தலைவர். எனக்கு பவுடர் விஷயத்துல கை கிடையாது. கருத்து மட்டுந்தான் உண்டு."

ஜனாதிபதி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "என் தலையில என்னப்பா பிரச்சினை?"

"எல்லைத் தகராறு, சார்," என்றார் கர்னல். "உங்க வரைக்கும் வராது."

விளக்கு எரிந்தது. ஜனாதிபதி நெற்றியில் காதுக்குக் காது ஒரு கறுப்புக் கோட்டோடு நாட்டைப் பார்த்துக் கோதுமையைப் பற்றிப் பேசினார்.

வேலை போனது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் ஹோமர் மறுநாள் ரயிலேறினான். அங்கே போனால் வெள்ளை மாளிகையில் தந்திகள் மூட்டை மூட்டையாக வந்து கிடந்தன. ஜனாதிபதிக்கு அவ்வளவு தந்திகள் அதற்குமுன் வந்ததே இல்லை. 'எங்கள் கோதுமைக்காக நீங்கள் இப்படிக் கவலைப்படுவது தெரியாமல் போயிற்றே' என்று கன்ஸாஸிலிருந்து ஒரு விதவை அழுது தந்தி கொடுத்திருந்தாள். நெற்றியில் அப்படி ஒரு கவலைக்கோடு விழ வேண்டுமானால் அந்த மனிதன் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருக்க வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதின. கவலைக்கோடுள்ள தலைவர்கள் நீண்ட நாள் வாழ்வார்கள் என்று ஒரு டாக்டர் பேட்டி கொடுத்தார். அடுத்த வாரம் எதிர்க்கட்சித் தலைவர் பெட்டியில் தோன்றினார், நெற்றியில் இரண்டு கோடுகளோடு. அது போலி என்று எல்லோருக்கும் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

கர்னல் விசாரணை வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் லாரிமர் எழுந்தான். "கோடு விழுந்தது நெத்தியில. நெத்தி எங்க கம்பெனியோடது. அப்ப கோடும் எங்களோடதுதான்."

முந்தின வாரம் தொடவே மாட்டேன் என்றவன். ஹோமருக்கு ரத்தம் தலைக்கேறியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்தோம் என்பது அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு அந்தச் செண்டுப் பயல் தன் கோட்டையும் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை.

"அதை வரைஞ்சது நான்," என்றான். "மயிரிழை மயிரிழையா முன்னாடி தள்ளிக்கிட்டு வந்ததும் நான்தான். வேணும்னா வேலைய விட்டு அனுப்பிக்குங்க. ஆனா அது என் கோடு."

கர்னல் எழுந்து நின்றார். எழுந்து நின்றால் சொற்பொழிவு என்று அர்த்தம்.

"அதை யாரும் வரையலை. ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்குங்க. அது ஜனாதிபதிக்குக் கோதுமைக் கவலையில தானா விழுந்த கோடு. தானா விழுந்தா அது கவலை, வரைஞ்சா அது மை. இந்த நாட்டு ஜனங்க மைக்காகத் தந்தி குடுக்கலை. ஜனங்ககிட்ட நாம பொய் சொல்லக் கூடாது. அதனால இதைப்பத்தி அவங்ககிட்ட ஒண்ணுமே சொல்லப்போறதில்லை. இன்னையிலிருந்து அந்தக் கோடு எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அது அரசாங்க ரகசியம். மிஸ்டர் ப்ளெட்சோ, ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீங்கதான் அதைப் போடறீங்க. பைபிள் மேல கையை வையுங்க. உங்க சம்சாரத்துகிட்டகூட மூச்சு விடக் கூடாது."

லாரிமர் மூஞ்சி சுண்டிப்போனது. அன்றிலிருந்து ஹோமர் கோடு போட்ட பிறகுதான், அதில் படாமல் ஓரமாக, அவன் பவுடர் போட வேண்டும். முதல் வியாழக்கிழமை ஹோமர் ஜனாதிபதியின் முன்பக்கமாக வந்து நின்றான். அந்த முகத்தை அவன் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. லாரிமர் பின்னால் நின்று தன் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். உலகத்தில் சந்தோஷம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று ஹோமருக்குத் தோன்றியது.

"நல்லா அழுத்தியே போடு, தம்பி," என்றார் ஜனாதிபதி மெதுவான குரலில். "நேத்து என் சம்சாரம் கேட்டா, உங்களுக்கு என்ன கவலைன்னு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல கேட்டதே இல்ல. சூப்பு வெச்சுக் குடுத்தா."

ஹோமர் அழுத்தியே போட்டான். அவன் கைக்கு அவ்வளவு நேர்த்தியான கோடு அதற்குமுன் வந்ததில்லை. நடுவில் லேசாக வளைந்து, ஓரத்தில் மங்கி, பார்த்தால் பாறாங்கல்லும் இரக்கப்படும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தான். படம் ஆரம்பிக்கப்போகிறது. இர்மா நீலக் கவுனில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஈரத்துணி. டோலன் ப்ரெட்ஸல் கிண்ணத்தோடு வந்திருந்தார். ஹோமர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டான். சொல்லத்தான் கூடாது, பார்ப்பதற்கு என்ன தடை?

பெட்டியில் ஜனாதிபதி தோன்றினார். நெற்றியில் கோடு.

"பாருங்க," என்றாள் இர்மா. அவள் குரலே மாறிவிட்டது. எழுந்து போய்ப் பெட்டியின் கண்ணாடிமேல், சரியாக அந்தக் கோட்டின்மேல், ஒரு விரலை வைத்தாள். ஈரத்துணியால் துடைக்கவில்லை. வெறும் விரலால் தடவினாள். "பாவம். எவ்வளவு மனசுல போட்டுப் புழுங்கினா இப்படி விழும்."

"அது மட்டும் அசல்," என்றார் டோலன். "மத்ததெல்லாம் பவுடர். நம்மாளுங்க பூசினது. அந்தக் கோடு ஒண்ணுதான் அந்த மனுஷனோட சொந்தம். இல்லியா ஹோமர்?"

ஹோமருக்கு வாய்வரை வந்தது. பைபிள் ஞாபகத்துக்கு வந்தது, கர்னல் ஞாபகத்துக்கு வந்தார். விழுங்கிக்கொண்டான். "ஆமா," என்றான். "அசல்தான்."

"உன் நெத்தியப் பாரு," என்றாள் இர்மா, திரும்பாமலே. "மொழுமொழுன்னு இருக்கு. உனக்கு எதுலதான் கவலை? காலைல ரயிலு, ராத்திரி தூக்கம்."

அவன் போட்ட கோடு. அவன் பெண்டாட்டியின் விரல். இரண்டும் சேர்ந்தாகிவிட்டது, அவன் மட்டும் வெளியே உட்கார்ந்திருக்கிறான். லாரிமர் மேல் பட்ட பொறாமையெல்லாம் ஒரு பொறாமையா என்று இருந்தது. தன் கோட்டின்மேல் தானே பொறாமைப்பட்டு வெந்துபோன மனிதன் அந்த நாட்டில் அன்று அவன் ஒருவனாகத்தான் இருந்திருப்பான்.

சூப்பு வைத்துக் கொடுத்தா என்று ஜனாதிபதி சொன்னது காதில் ஒலித்தது.

பேசாமல் எழுந்து குளியலறைக்குப் போனான். சட்டைப் பையில் அந்தப் புருவப் பென்சில் இருந்தது. அரசாங்கச் சாமான், வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கண்ணாடியைப் பார்த்துத் தன் நெற்றியில் நிதானமாக ஒரு கோடு போட்டான். நேற்றையதைவிட இது நன்றாகவே வந்தது. இதில் கை நடுக்கமும் சேர்ந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது அவனுக்கே தன்மேல் இரக்கம் பொங்கியது.

திரும்பி வந்து, நாற்காலியில் உட்காராமல், இர்மாவுக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தான். வெளிச்சம் முகத்தில் விழும்படி கொஞ்சம் சாய்ந்துகொண்டான்.

இர்மா திரும்பினாள். அவன் நெற்றியைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பெட்டியை மறந்து, முழுசாக அவனையே பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் அப்படிப் பார்க்கிறாள். அவள் கை மெதுவாக எழுந்து அவன் நெற்றிக்கு வந்தது.

இடது கையால் அவன் மோவாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த ஈரத்துணியால் காதுக்குக் காது ஒரே இழுப்பு. இரண்டு கம்பெனிகளும் அவர்களுடைய வக்கீல்களும் ஒரு கர்னலும் சேர்ந்து அழிக்க முடியாத கோடு போய்விட்டது.

"ரயில் கரிய மூஞ்சியெல்லாம் அப்பிக்கிட்டு வந்து சோபாவுல உக்கார்ற," என்றாள். துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பி மடித்துக்கொண்டு, மறுபடியும் பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "பேசாம இரு. அவரு என்னமோ சொல்ல வர்றாரு."